ரத்தக் கொழுப்பு, அழற்சி, இன்சுலின் எதிர்ப்பு: எது காரணம், எது விளைவு?

கார்முகில் எழுதியது:

வணக்கம். ஆண்டுதோறும் செய்துகொள்ளும் உடல் பரிசோதனையின் முடிவு கைக்கு வந்ததிலிருந்து சில ஐயங்கள் தீராமல் இருக்கின்றன. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, ட்ரைகிளிசரைடு 236, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 104, எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. வெறும் வயிற்று இன்சுலின் 19 அலகு. அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி. (உயர் நுண்ணுணர்வுச் சோதனையில்) லிட்டருக்கு 3.8 மில்லிகிராம். மருத்துவர் இவற்றைப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை என்றும், ஆனால் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை, தெளிவாகத் தெரிகிறது என்றும், கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து இதைச் செய்கின்றன என்றும் சொன்னார். அதற்கு மேல் கேட்க அவருக்கும் நேரமில்லை, எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

என் கேள்விகள் இவைதான். சர்க்கரையைக் கையாளும் இன்சுலினுக்கும் கொழுப்புக்கும் என்ன தொடர்பு? மாத்திரை போட்டு ட்ரைகிளிசரைடைக் குறைத்துவிட்டால் இன்சுலின் எதிர்ப்பும் குறைந்துவிடுமா? எனக்குக் காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை; அப்படியிருக்க அழற்சி எங்கே இருக்கிறது?

உயிர்வேதி எழுதியது:

நண்பர் கார்முகில், ஒரே பெயரில் சொல்லப்படும் ரத்தக் கொழுப்பை முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்.டி.எல். கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள். ரத்தக் குழாய் அடைப்பில் அதற்கு முதன்மைப் பங்கு உண்டு, இன்சுலின் எதிர்ப்பில் கிடையாது. பிறவியிலேயே எல்.டி.எல். மிக அதிகமாக இருக்கும் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் மற்றவர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது என்பது இதற்குப் போதிய சான்று. இரண்டாவது, ட்ரைகிளிசரைடு, வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் அது பெரும்பாலும் கல்லீரல் வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றி அனுப்பிய சரக்கு. மூன்றாவது உங்கள் அறிக்கையிலேயே இல்லை: கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்பி, ஆல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் பயணம் செய்யும் கட்டற்ற கொழுப்பு அமிலங்கள். இந்த இழையில் நாம் பேசப்போகும் குற்றவாளி பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆள்தான்.

இன்சுலின் சர்க்கரைக்கான ஹார்மோன் என்று மட்டும் நினைத்துக்கொண்டால் கணக்கு நேராகாது. தசையில் அது குளுக்கோஸை உள்ளே எடுக்கச் சொல்கிறது. கல்லீரலில் குளுக்கோஸ் உற்பத்தியை நிறுத்தச் சொல்கிறது. கொழுப்புச் செல்லில் சேமித்து வைத்த கொழுப்பை உடைத்து வெளியே விடாதே என்று சொல்கிறது. இம்மூன்றில் கடைசிக் கட்டளைக்கு மிகக் குறைந்த அளவு இன்சுலினே போதும். அந்தக் கட்டளையைக் கொழுப்புச் செல் சரியாகக் கேட்காதபோது, சாப்பிட்ட பிறகும்கூடக் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கின்றன; அவை தமக்கு உரிமையில்லாத இடங்களான தசையிலும் கல்லீரலிலும் போய்ச் சேர்கின்றன.

சேர்ந்தால் என்ன நடக்கிறது? 1963-இல் பிலிப் ராண்டிலும் அவருடைய குழுவினரும் ஒரு விளக்கம் தந்தார்கள். தசை கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருட்கள் குளுக்கோஸை எரிக்கும் நொதிகளைத் தடுக்கின்றன, அதனால், குளுக்கோஸ் உள்ளே நுழைந்ததும் மாறும் முதல் வடிவமான குளுக்கோஸ்-6-பாஸ்பேட் செல்லுக்குள் தேங்கி, புதிதாகக் குளுக்கோஸ் நுழைவது குறைகிறது என்பது அவர்களின் கருத்து. எலியின் இதயத் தசையிலும் உதரவிதானத்திலும் கண்ட முடிவுகளிலிருந்து பிறந்த அந்த விளக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் நின்றது. பிறகு ஜெரால்ட் ஷுல்மனின் குழு, 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருந்த மனிதர்களுக்கே நரம்பு வழியாகக் கொழுப்புக் கரைசலையும், கொழுப்பை உடைக்கும் நொதியை ரத்தத்தில் வெளிக்கொணரும் ஹெப்பாரினையும் செலுத்தி, கொழுப்பு அமில அளவை உயர்த்தி, தசைக்குள் நடப்பதைக் காந்த அதிர்வு முறையில் உயிரோடு இருக்கும்போதே அளந்தது. முதல் மூன்று மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் தசை குளுக்கோஸை எடுத்துக்கொள்வது சரியத் தொடங்கியது. ராண்டில் சொன்னபடி என்றால் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஏறியிருக்க வேண்டும், அதுவோ இறங்கியிருந்தது. அப்படியானால் தடை எரிக்கும் இடத்தில் இல்லை, வாசலிலேயே இருக்கிறது.

அந்த வாசல் திறக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்சுலின் தன் ஏற்பியில் பொருந்தியதும், ஐ.ஆர்.எஸ்.-1 என்ற இணைப்புப் புரதத்தில் டைரோசின் இடங்களில் பாஸ்பேட் ஏறுகிறது, செய்தி பி.ஐ.3-கைனேஸ், ஏ.கே.டி. என்று கைமாறிப் போய், செல்லுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் குளூட்-4 வாயில்களை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. கொழுப்பு அமிலம் எரியவும் முடியாமல், ட்ரைகிளிசரைடாக மாறிப் பத்திரமாக உட்காரவும் முடியாமல் நடுவழியில் நிற்கும்போது டைஅசைல்கிளிசரால், செரமைடு ஆகிய இடைப்பொருட்கள் பெருகுகின்றன. முதலாவது, தசையில் பி.கே.சி. தீட்டா, கல்லீரலில் பி.கே.சி. எப்சிலான் என்ற நொதிகளை எழுப்பிவிட்டு, இன்சுலின் செய்தியைத் தொடக்கத்திலேயே மங்கச் செய்கிறது. செரமைடு சற்றுக் கீழே இறங்கி ஏ.கே.டி.யை முடக்குகிறது. ஏற்பியும் இருக்கிறது, இன்சுலினும் இருக்கிறது, வாயில் மட்டும் மேலே வருவதில்லை.

ஏன்தான் எழுதியது:

விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் மூன்று இடங்களில் எனக்கு இடிக்கிறது.

முதலாவது, நரம்பு வழியாகக் கொழுப்பை ஏற்றுவது இயற்கையில் யாருக்கும் நடப்பதில்லை. இரண்டாவது, நீண்ட தூரம் ஓடும் விளையாட்டு வீரர்களின் தசையில் கொழுப்புத் துளிகள் நிறைய இருக்கின்றன. சர்க்கரை நோயாளியின் தசையில் இருப்பதற்கு அது குறைவில்லை என்று 2001-இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆயினும் அவர்களுக்கு இன்சுலின் மிக நன்றாகவே வேலை செய்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். இன்சுலின் எதிர்ப்பு வந்தால் ட்ரைகிளிசரைடு உயரும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. அப்படியிருக்கும்போது, உயர்ந்திருக்கும் கொழுப்பைக் காரணம் என்று சொல்வது வண்டியைக் குதிரைக்கு முன்னால் பூட்டுவதாக ஆகாதா?

உயிர்வேதி எழுதியது:

மூன்றும் நியாயமான கேள்விகள். கடைசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். ரத்தத்தில் அளக்கப்படும் ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் விளைவுதான். மரபு வழியாகவே ட்ரைகிளிசரைடு சற்று உயர்ந்திருக்கும்படி அமைந்தவர்களை ஆராய்ந்தபோது, அந்த மரபுக் கூறுகளால் சர்க்கரை நோயோ இன்சுலின் எதிர்ப்போ கூடவில்லை. காரணம் அதுவாக இருந்திருந்தால் கூடியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த ட்ரைகிளிசரைடு எங்கிருந்து பிறக்கிறது என்று பின்னோக்கிப் போங்கள். கொழுப்பேறிய கல்லீரல் உள்ளவர்களிடம் அடையாளமிட்ட அணுக்களைக் கொண்டு தடம் பிடித்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், கல்லீரலில் இருந்த கொழுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காடு ரத்தத்தின் கட்டற்ற கொழுப்பு அமிலங்களிலிருந்தும், 26 விழுக்காடு கல்லீரல் தானே புதிதாகத் தயாரித்ததிலிருந்தும், 15 விழுக்காடு உணவிலிருந்து நேரடியாகவும் வந்திருந்தன. பெரும்பகுதி கொழுப்புத் திசு கைவிட்ட சரக்கு என்று பொருள். கல்லீரல் தானே தயாரிக்கும் அந்த 26 விழுக்காட்டிலும் ஒரு விந்தை இருக்கிறது. இன்சுலின் எதிர்ப்பு வந்த கல்லீரல், குளுக்கோஸ் உற்பத்தியை நிறுத்து என்ற கட்டளையைச் செவிமடுப்பதில்லை. கொழுப்பைத் தயாரி என்ற கட்டளையை மட்டும் தட்டாமல் கேட்கிறது. கணையம் ஈடுகட்ட மேலும் மேலும் இன்சுலின் சுரக்க, அந்த மிகை இன்சுலின் கொழுப்பு உற்பத்தியை இன்னும் விரட்டுகிறது. சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் ஒரே அறிக்கையில் கைகோத்து உயர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். கார்முகிலின் அறிக்கையும் அப்படித்தான் இருக்கிறது.

வீரர்களைப் பற்றிய முரணுக்கு வருவோம். அங்கே தசையில் இருப்பது ட்ரைகிளிசரைடுத் துளி. தினமும் எடுத்து எரித்து, மீண்டும் நிரப்பப்படும் எரிபொருள். கேடு செய்வது தேங்கி நிற்கும் இடைப்பொருள். உழைக்காத தசையில் கொழுப்பு வருகிறது, செலவாவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் எரிதிறனும் குறைவு. டைஅசைல்கிளிசராலே முதன்மைக் குற்றவாளியா, செரமைடா, அவை செல்லின் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்பதே முடிவு செய்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. எனக்கு இடமும் வடிவமும் அளவைவிட முக்கியம் என்று தோன்றுகிறது.

நரம்பு வழியே ஏற்றுவது செயற்கையானது என்றீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே இயற்கையே செய்து வைத்திருக்கும் ஒரு சோதனையைப் பார்க்கலாம். கொழுப்புத் திசு ஏறத்தாழ முழுவதுமாக இல்லாமலே பிறக்கும் அல்லது பின்னர் அதை இழக்கும் ஓர் அரிய நோய் உண்டு, லிப்போடிஸ்ட்ரோபி என்பார்கள். உடல் பருமன்தான் இன்சுலின் எதிர்ப்புக்குக் காரணம் என்றால் இவர்களுக்கு அது வரவே கூடாது. நடப்பதோ நேர்மாறு: மிகக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு, ஆயிரக்கணக்கில் ட்ரைகிளிசரைடு, கொழுப்பால் வீங்கிய கல்லீரல். வைக்க இடமில்லாத கொழுப்பு வேறு உறுப்புகளுக்குப் போகிறது. நிரம்பிய தொட்டியில் மேலும் நீர் விட்டால் தரை நனைவதைப் போல. உடல் பருத்தவர்களிடம் தொட்டி நிரம்பிவிட்டது, இவர்களிடம் தொட்டியே இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன.

2004-இல் வெளியான இன்னொரு ஆய்வும் நினைவுக்கு வருகிறது. உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றின் தோலடிக் கொழுப்பில் ஏறத்தாழ 10 கிலோ உறிஞ்சி எடுக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இன்சுலின் எதிர்ப்பும் மாறவில்லை, சி.ஆர்.பி. முதலிய அழற்சி அளவீடுகளும் மாறவில்லை. எடை இயந்திரத்தில் 10 கிலோ குறைந்தது. கல்லீரலுக்கும் தசைக்கும் அது தெரியவே இல்லை.

இரவுப்பணி மருத்துவர் எழுதியது:

கொழுப்பின் பக்கத்தை உயிர்வேதி அவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டதால், கார்முகில் கேட்ட அழற்சிக் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

கடும் அழற்சி இன்சுலினை எப்படிச் செயலிழக்க வைக்கும் என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர்கள் நூல் படிக்காமலே அறிவார்கள். நேற்றுவரை மாத்திரையால் கட்டுக்குள் இருந்தவர், கடும் நிமோனியாவோடு வந்து சேரும்போது இன்சுலின் பம்பில் மணிக்கு ஆறு, எட்டு அலகு என்று ஏற்றியும் சர்க்கரை இறங்காது. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யத் தொடங்கிக் காய்ச்சல் தணியும்போது, அதே இன்சுலின் அளவு திடீரென்று மிகையாகிவிடும். செவிலியர் ஒவ்வொரு மணியும் விரல் நுனியில் சோதித்து, பம்பின் அளவை இறக்கிக்கொண்டே வருவார். மன அழுத்த ஹார்மோன்களுக்கும் அதில் பங்குண்டு என்றாலும், அழற்சி தணிவதும் இன்சுலின் தேவை குறைவதும் ஒன்றாக நடப்பதைக் கண்ணால் காண முடியும்.

உங்களுக்கு இருப்பது அந்த வகை அழற்சி அல்ல, கார்முகில். இது சிறுகத் தொடர்ந்து கனன்றுகொண்டிருப்பது. வலியோ காய்ச்சலோ தராது. இது எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். பெருமளவு கொழுப்புத் திசுவில் இருக்கிறது, குறிப்பாகக் குடலைச் சுற்றியுள்ள உள்ளுறுப்புக் கொழுப்பில். கொழுப்புச் செல் ஓர் அளவுக்கு மேல் பருத்தால் அதற்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. சில செல்கள் இறக்கின்றன. இறந்த செல்லை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் வந்து வளையம்போலச் சூழ்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் கிரீடம் வைத்ததுபோலவே தெரியும். 2003-இல் வெளியான ஆய்வில், ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் உள்ள செல்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த மேக்ரோஃபேஜ்கள், மிகப் பருத்தவர்களிடம் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை இருந்தன.

இவை சும்மா இருப்பதில்லை. டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 பீட்டா முதலிய சைட்டோகைன்களை, அதாவது அழற்சிச் செய்தி சொல்லும் புரதங்களை, சுரக்கின்றன. ஓய்வில் இருக்கும் ஒருவரின் ரத்தத்தில் உள்ள இன்டர்லூக்கின்-6-இல் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலிருந்தே வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் சி.ஆர்.பி.யைத் தயாரிக்கிறது. உங்கள் அறிக்கையில் நீங்கள் பார்த்த 3.8 அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. கோகன் ஹோதமிஷ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மனும் 1993-இல், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப்.-ஆல்ஃபா மிகுந்திருப்பதையும், அதை முறித்தால் இன்சுலின் மீண்டும் நன்றாக வேலை செய்வதையும் காட்டியபோதுதான் இந்தத் துறையே பிறந்தது. ஜே.என்.கே., ஐ.கே.கே.-பீட்டா என்ற இரண்டு நொதிகள் வழியாக, ஐ.ஆர்.எஸ்.-1 புரதத்தில் டைரோசினில் ஏற வேண்டிய பாஸ்பேட் செரினில் ஏறிவிடுகிறது. செய்தி அங்கேயே தடைபடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் விளக்கின.

இதற்கு வியக்கத்தக்க முன்வரலாறும் உண்டு. 1876-இலேயே எப்ஸ்டைன் என்ற ஜெர்மானிய மருத்துவர், சோடியம் சாலிசிலேட்டை அதிக அளவில் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் குறித்து வைத்தார். ஏன் குறைகிறது என்பதற்கு அவரிடம் விடையில்லை. ஐ.கே.கே.-பீட்டாவை சாலிசிலேட் தடுக்கிறது என்ற விளக்கம் கிடைக்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு நடைமுறைக் குறிப்பு: சி.ஆர்.பி. 10-ஐத் தாண்டினால் அதை வளர்சிதை மாற்றக் கணக்கில் சேர்க்காதீர்கள்; சளி, பல் ஈறு வீக்கம், அடிபட்ட காயம் எதுவாகவும் இருக்கலாம். 3.8 என்பதைக்கூட இரண்டு வாரம் கழித்து ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது.

ஏன்தான் எழுதியது:

மருத்துவர் அவர்களே, எலியில் நடந்தது மனிதரில் நடந்ததா என்பதுதான் என் கேள்வி. டி.என்.எஃப். காரணம் என்றால் அதை முறிக்கும் மருந்து சர்க்கரை நோயைக் குணமாக்கியிருக்க வேண்டும். 1996-இல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு அந்த எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் எதிர்ப்பு அசையவில்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் மருந்தை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள், சி.ஆர்.பி. நன்றாகக் குறைந்தது, மாரடைப்புகளும் ஓரளவு குறைந்தன, புதிதாகச் சர்க்கரை நோய் வருவது மட்டும் குறையவே இல்லை. சாலிசிலேட் வகையைச் சேர்ந்த சல்சலேட்டை 48 வாரம் கொடுத்த ஆய்விலும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 0.37 புள்ளிதான் இறங்கியது. ஒல்லியாக, இளைஞராக, அழற்சி அளவீடுகள் எல்லாம் இயல்பாக உள்ளவர்களிடமே தசையில் இன்சுலின் எதிர்ப்பு இருப்பதை 2007-இல் ஷுல்மன் குழுவே காட்டியிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அழற்சியைக் காரணம் என்று சொல்வது எப்படி?

இரவுப்பணி மருத்துவர் எழுதியது:

நீங்கள் அடுக்கியவை அனைத்தும் சரி. அழற்சியே தொடக்கம் என்று நான் சொன்னால் அந்தச் சான்றுகள் என்னைக் கவிழ்த்துவிடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2007-ஆம் ஆண்டு ஆய்வு காட்டுவது இதுதான்: பலரிடம் முதலில் தசை இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்துகிறது, தசையில் சேர வேண்டிய மாவுச்சத்து கல்லீரலுக்குத் திருப்பிவிடப்பட்டு அங்கே கொழுப்பாகிறது, அந்த இளைஞர்களிடம் ரத்த ட்ரைகிளிசரைடு மற்றவர்களைவிட 60 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்தக் கட்டத்தில் அழற்சிக்கு வேலையே இல்லை.

அழற்சியின் வேலை பிறகு தொடங்குகிறது. அது நேராகத் தசைக்குப் போய் ஏற்பியை அடைக்கிறது என்ற பழைய படத்தைவிட, கொழுப்புச் செல்லின் பிடியைத் தளர்த்துகிறது என்ற படம் எனக்குச் சரியாகப் படுகிறது. டி.என்.எஃப்.-ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்-6-உம் கொழுப்புச் செல்லில் கொழுப்பு உடைவதை விரைவாக்குகின்றன. உடைந்த கொழுப்பு அமிலம் கல்லீரலை அடைந்து அசெட்டைல்-கோ.ஏ.வாக மாறுகிறது, அது பைருவேட் கார்பாக்சிலேஸ் என்ற நொதியைத் தூண்டி, குளுக்கோஸ் உற்பத்தியை உயர்த்துகிறது. 2015-இல் எலிகளில் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் காட்டியதும் ஷுல்மனின் குழுதான். நீங்களும் உயிர்வேதி அவர்களும் அழற்சியா கொழுப்பா என்று இரு தரப்பாக வைத்துப் பேசுவதை அந்த முடிவுக்குப் பிறகு தொடர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அழற்சி கொழுப்பின் வழியாகவே பேசுகிறது.

அப்படியானால் மருந்துகள் ஏன் தோற்றன? ஒரு சைட்டோகைனை மட்டும் தடுத்தால் மற்றவை அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. மருந்து ரத்தத்தில் சுற்றுகிறது, அழற்சியோ திசுவுக்குள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, செல் பருத்தே இருக்கும்வரை மேக்ரோஃபேஜ்களை அழைக்கும் காரணம் அப்படியே இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுப்புத் திசு ஆரோக்கியமாக விரிவதற்கே ஓரளவு அழற்சி தேவைப்படுகிறது. கொழுப்புச் செல்லில் அதை முழுவதும் அடக்கிய எலிகளில் திசு சரியாக விரியாமல் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா மருந்து 2007-இல் சர்க்கரையைச் சற்றுக் குறைத்ததும், கணைய பீட்டா செல்களின் சுரப்பு மேம்பட்டதால்தான். இன்சுலின் எதிர்ப்பு அப்படியே இருந்தது.

கார்முகில் எழுதியது:

பெரும்பாலும் பின்தொடர முடிகிறது, அனைவருக்கும் நன்றி. ஃபீனோஃபைப்ரேட் என்னும் ஃபைப்ரேட் வகை மருந்து பற்றியும் மீன் எண்ணெய் மாத்திரை பற்றியும் மருத்துவர் பேசினார். எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டினும் வரலாம் என்றார். இவற்றில் எது இன்சுலின் எதிர்ப்பைத் தொடும்?

இரவுப்பணி மருத்துவர் எழுதியது:

மூன்றும் தொடாது என்றே சொல்ல வேண்டும். ஃபைப்ரேட்டும் மீன் எண்ணெயும் ட்ரைகிளிசரைடு எண்ணைக் குறைக்கும். சர்க்கரைக் கட்டுப்பாட்டில் அவற்றால் குறிப்பிடத்தக்க மாற்றம் வருவதில்லை. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு; அந்த நிலையில் அவற்றைத் தயங்காமல் கொடுக்கிறோம். உங்கள் 236 அந்த நிலையில் இல்லை.

ஸ்டாட்டினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரைகுறையாகக் கேள்விப்பட்டு நிறுத்திவிடுபவர்கள் நிறைய. 13 ஆய்வுகளில் 91,140 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் சர்க்கரை நோய் 9 விழுக்காடு கூடுதலாகத் தோன்றியது. எல்.டி.எல். இன்சுலின் எதிர்ப்புக்குக் காரணமில்லை என்பதற்கு இது மேலும் ஒரு சான்று. அதேசமயம், மாரடைப்பு ஆபத்து உள்ளவருக்கு ஸ்டாட்டின் தரும் பாதுகாப்பு இந்தச் சிறு ஏற்றத்தைவிடப் பன்மடங்கு பெரிது. உங்கள் மருத்துவர் எழுதினால் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காக அதைத் தவிர்ப்பது சரியான கணக்கு ஆகாது.

இன்சுலின் எதிர்ப்பை நேராகத் தொடும் மருந்துக்கு எடுத்துக்காட்டு பையோகிளிட்டசோன். இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் மேலே பேசியதெல்லாம் விளங்கும். தோலடியில் புதிய கொழுப்புச் செல்களை உண்டாக்கி, கல்லீரலில் இருக்கும் கொழுப்பை அங்கே இழுத்துக்கொள்கிறது. எடுப்பவரின் எடை கூடுகிறது, இன்சுலின் எதிர்ப்பு குறைகிறது. நீர் கோத்தல், எலும்பு முறிவு முதலிய பக்கவிளைவுகள் இருப்பதாலும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது என்பதாலும் உங்கள் நிலையில் இதைப் பரிந்துரைக்கப் பெரும்பாலும் காரணமில்லை.

இடுப்புச் சுற்று இயல்புக்கு மேல் இருந்தால், குறைய வேண்டியது கல்லீரல் கொழுப்பு. ராய் டெய்லர் 2011-இல் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தபோது, ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30 விழுக்காடு குறைந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. எடை அதிகம் இறங்கும் முன்பே இது நடந்துவிட்டது. அவரும் மைக் லீனும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வில், ஓராண்டு முடிவில், உணவைக் குறைத்த குழுவில் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமல் சர்க்கரை நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 விழுக்காடு. இவ்வளவு கடும் உணவுக் குறைப்பை மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது, அதிலும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் செய்யவே கூடாது.

தசையின் பக்கம் உழைப்பு ஒன்றே வழி. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் செய்தி வராமலே தன் குளூட்-4 வாயில்களை மேற்பரப்புக்குக் கொண்டுவரும், ஏ.எம்.பி. கைனேஸ் முதலிய வேறு பாதைகள் அதற்கு உண்டு. அடைபட்ட ஐ.ஆர்.எஸ்.-1 அங்கே குறுக்கே நிற்பதில்லை. ஒருமுறை செய்த உடற்பயிற்சியின் பலன் ஒன்றிரண்டு நாட்களில் மங்கிவிடும் என்பதால் இடைவெளி விடாமல் இருப்பது முக்கியம்.

ஆய்வுக்கூடம் எழுதியது:

குருதிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கட்டற்ற கொழுப்பு அமிலமே குற்றவாளி என்றால் அதை ஏன் அளப்பதில்லை என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் படிப்பவர்களுக்கு அந்த எண்ணம் வரும்.

அளக்க முடியும், நம்புவது கடினம். குழாயில் எடுத்த பிறகும் ரத்தத்தில் உள்ள லிப்பேஸ் நொதி ட்ரைகிளிசரைடை உடைத்துக்கொண்டே இருக்கும். உடனே குளிரூட்டிப் பிரிக்காவிட்டால் எண் தானாகவே ஏறும். ஹெப்பாரின் ஊசி போட்டவரின் ரத்தத்தில் இது இன்னும் மோசம். ஊசியைக் கண்டு பயந்தவரின் அட்ரினலின்கூட அதை உயர்த்திவிடும். வெறும் வயிற்று இன்சுலினுக்கும் இதேபோன்ற சிக்கல் உண்டு: ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து சீரம் இளஞ்சிவப்பாக மாறினால், அவற்றிலிருந்து வெளிப்படும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும், அளவு பொய்யாகக் குறைந்து வரும். அப்படிப்பட்ட மாதிரியைத் திருப்பி அனுப்புவதுதான் முறை.

ட்ரைகிளிசரைடு அதே மனிதரிடமே நாளுக்கு நாள் 20 விழுக்காடு அளவுக்கு ஏறி இறங்கும். ஆகவே 236 அடுத்த முறை 200 என்று வந்தால் அதை வெற்றி என்று எண்ணிவிட வேண்டாம்.

ஏன்தான் எழுதியது:

கார்முகிலின் எண்களை வைத்துக் கணக்கிட்டால் 19-ஐ 112-ஆல் பெருக்கி 405-ஆல் வகுக்க ஏறத்தாழ 5.3 வருகிறது. இன்சுலின் எதிர்ப்பைக் கணக்கிடும் இந்த ஹோமா எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஆய்வுக்கூடம் எழுதியது:

1985-இல் வந்த அந்தச் சூத்திரம் பெருங்கூட்டத்தை ஒப்பிடுவதற்கு நல்லது. தனி ஒருவருக்கு, ஒவ்வொரு கூடத்தின் இன்சுலின் சோதனையும் ஒரு மாதிரி அளப்பதால், இரண்டு கூடங்களின் எண்களை ஒப்பிட வேண்டாம். அது பெரும்பாலும் கல்லீரலின் நிலையைச் சொல்கிறது. தசையின் நிலையைத் துல்லியமாக அறிய டிஃப்ரான்சோ 1979-இல் விவரித்த கிளாம்ப் முறைதான் வேண்டும். இன்சுலினை ஒரே சீராக ஏற்றிக்கொண்டு, சர்க்கரை இறங்காதபடி குளுக்கோஸையும் மணிக்கணக்கில் ஏற்றி அளக்கும் அந்த முறை ஆராய்ச்சிக் கூடங்களோடு நின்றுவிட்டது. ஆனாலும் 5.3 என்பது எந்தக் கூடத்தின் அளவுகோலிலும் உயர்வுதான்.

கார்முகில் எழுதியது:

கடைசியாக ஒன்று. உணவையும் உழைப்பையும் மாற்றினால் எதை, எப்போது திரும்பச் சோதிப்பது?

இரவுப்பணி மருத்துவர் எழுதியது:

எடை குறைந்து நிலைபெற்ற பிறகு சோதியுங்கள். குறைந்துகொண்டிருக்கும்போதே எடுத்தால், உடல் கொழுப்பை உடைத்துக்கொண்டிருப்பதால் கட்டற்ற கொழுப்பு அமிலம் உயர்ந்தும், ட்ரைகிளிசரைடு தாழ்ந்தும், படம் குழம்பித் தெரியும். எச்.பி.ஏ.1சி.க்கு மூன்று மாதம் வேண்டும், ஏனென்றால் அது சிவப்பணுக்களின் வாழ்நாளைச் சார்ந்தது. அதே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. ஆகியவற்றை, முடிந்தால் அதே கூடத்தில், எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.எல்.டி. இறங்கியிருந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. அல்ட்ராசவுண்டில் சிறு குறைவு தெரியாது. சி.ஆர்.பி.யை மீண்டும் மீண்டும் துரத்த வேண்டாம். அது பெரும்பாலும் எடையைப் பின்தொடர்ந்து தானாக இறங்கும், சில மாதங்கள் பிந்தி.